கணினியில் தமிழ்: தனியொருவர் உழைப்பும் மாநாடுகளும்

திருமழிசையிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர், தம் ஊரில் தோன்றிய ஆழ்வாரின் நான்முகன் திருவந்தாதியைப் பேருந்தில் அமர்ந்தவாறே கைப்பேசியில் கட்டணமின்றிப் படிக்கலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வாறே கிட்டுகிறது. இவற்றைத் திரட்டி இணையத்தில் ஏற்றிவைத்தது அரசன்று, பெருநிறுவனமும் அன்று. 1998ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தந்தவை இவை. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய முனைவர் கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். தமிழ்த்துறையினராகிய நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணினியில் தமிழ் ஏறிய வரலாறு பெரும்பாலும் இத்தகைய தனியொருவர் உழைப்பின் வரலாறே. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை இலவசமாய் வழங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியோ நம்மைப் போன்றே தமிழ் கற்பித்தவர், சிறுகதையாசிரியர். 'இணையம்' என்னும் சொல்லை நமக்குத் தந்தவரும் அவரே என்பர்.

இம்முயற்சிகளால் விளைந்த நன்மை பெரிது. விளைந்த குழப்பமும் சிறிதன்று. அக்கால எழுத்துரு ஒன்றில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கும் குறிகளுக்கும் உரியது. எஞ்சிய பாதியில் நம் 247 எழுத்துகளும் அடங்க வேண்டுமாயின், கொம்பு, கால் எனத் துண்டு துண்டாய்ப் பிரித்துத்தான் வைத்தல் இயலும். எத்துண்டு எவ்விடத்தில் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வகுத்தனர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் மற்றொருவர் வேறோர் எழுத்தை வைத்தார். ஆகவே ஒரு கணினியில் அடித்த மடல் மறு கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று.

இதனைத் தீர்க்கவே மாநாடுகள் கூடின. 1997 மே மாதம் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நிகழ்ந்தன. மாநாடு என்றதும் மாலையும் பொன்னாடையும் நினைவுக்கு வரும் நமக்கு, எழுத்துகளின் இடம் குறித்து வழக்காட ஒரு மாநாடு கூடியது வியப்பளிக்கும். சென்னை மாநாட்டின் சிறந்த பயன் 'தமிழ் 99' விசைப்பலகை. அதில் உயிர் பன்னிரண்டும் இடப்பக்கம். மெய்களுள் பெரும்பாலன வலப்பக்கம். ஒரே மெய்விசையை இருமுறை தட்டினால் முதலதன்மேல் புள்ளி தானே அமையும். 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் முறைமையை விரல்நுனியில் வைத்த இவ்வமைப்பை இலக்கண வகுப்பிலேயே காட்டலாம் என்பது நம் கருத்து.

குறியேற்றத்தில் அம்மாநாடு அத்துணை வென்றதாகக் கூறவியலாது. அது பரிந்துரைத்த முறைகள் ஒருபுறமிருக்க, ஆர்வலர்கள் மின்மடல்வழிக் கூடி வகுத்த 'திஸ்கி' முறையும் வழங்கிவந்தது. 1991இலேயே தமிழுக்கு இடம் அளித்த ஒருங்குறி பரவிய பின்னரே குழப்பம் அடங்கிற்று. கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசும் அதனை ஏற்றது.

தனியொருவர் படைத்த மென்பொருளுக்கு ஓர் இடர் உண்டு. ஆக்கியவர் கைவிட்டால், அல்லது மறைந்தால், அதனை நம்பியவர் என் செய்வர்? நா. கோவிந்தசாமி 1999இலேயே காலமானார். எ-கலப்பை போன்றவற்றின் மூலநிரல் யாவரும் காணத் திறந்து வைக்கப்பட்டது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர அது வழிசெய்தது.

2004ஆம் ஆண்டளவில் உலகில் பரவத் தொடங்கிய வலையொலியோ எழுத்துச் சிக்கலையே தாண்டிச் செல்வது. பேச்சைப் பதிந்து இணையத்தில் வைத்து, அதன் முகவரியை 'ஓடை' எனப்படும் சிறு கோப்பில் குறித்துவிட்டால், கேட்பவரின் செயலி புதியதைத் தானே கொணர்ந்து சேர்க்கும். வானொலி நிலையத்தாரின் இசைவு வேண்டா. பட்டிமன்றத்துக்குப் பழகிய நம் செவிக்கு ஏற்ற வடிவமே. ஆயினும் எழுத்தாக்கப்படாத ஒலிப்பதிவில் ஒரு சொல்லைத் தேடியெடுத்தல் அரிது. பதிவுகளை வைத்துள்ள இடத்திற்குரிய கட்டணம் நின்றால் அவையும் மறையும்.

நம் துறையின் பழைய மலர்கள் இரண்டு அக்கால எழுத்துருக்களில் நெகிழ்வட்டுகளில் கிடந்தன. திறந்தால் குறிகளே தெரிந்தன. தன்னார்வலர் இயற்றிய எழுத்துரு மாற்றியைக் கொண்டு இரண்டாமாண்டு மாணவியர் இருவர் ஒரு மலரை முழுதும் மீட்டுவிட்டனர். மற்றதன் எழுத்துரு இன்னதென இன்றுவரை அறியக் கூடவில்லை. அதன் அச்சுப்படியைக் காத்து வைத்திருக்கும் பெரியோர் துறைக்குச் சில நாள் தந்துதவினால், முதற்பக்கம் தொட்டு மீண்டும் தட்டச்சுச் செய்துகொள்வோம்.