ஹீட்

ஹீட் என்பது வெப்பம், சூடு என்னும் பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'சுடுகின்ற' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. இயற்பியல், வானிலை, மருத்துவம், கால்நடை வளர்ப்பு, உலோகத் தொழில், தடகளம் என ஒவ்வொரு துறையிலும் இதற்குத் தனிப்பொருள் உண்டு. பேச்சுத் தமிழிலும் இச்சொல் குடியேறி வெகுநாளாகிறது. 'உடம்பு ஹீட்டாயிடுச்சு', 'பப்பாளி ஹீட்டு', 'போன் ஹீட்டாகுது', 'மாடு ஹீட்டுக்கு வந்திருக்கு' என்று சென்னையின் தென்புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பகுதிகளில் இச்சொல் பல பொருளில் காதில் விழும். பெரும்பாலும் இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும். குழப்பம் வருவது இரண்டு இடங்களில்: தேர்வுத்தாளில், மருத்துவரின் முன்னால். முதலாவதில் மதிப்பெண் போகும். இரண்டாவதில் போவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இயற்பியலில்

வெப்பநிலை கூடிய பொருளிலிருந்து வெப்பநிலை குறைந்த பொருளுக்குச் செல்லும் ஆற்றலே வெப்பம். அதன் அலகு ஜூல். வெப்பநிலை என்பது வேறு. அது கெல்வினிலோ செல்சியஸிலோ அளக்கப்படுகிறது. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் 'சூடு' என்ற ஒரே சொல் இருப்பதால் மாணவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் பேசுவோரும் தடுமாறத்தான் செய்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 லிட்டர் கொள்ளும் வாளியில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 4,20,000 ஜூல் வெப்பம் தேவை. 10 கிராம் எடையுள்ள இரும்பு ஆணியை 30 டிகிரியிலிருந்து 730 டிகிரி வரை பழுக்கக் காய்ச்ச ஏறத்தாழ 3,150 ஜூல் போதும். ஆணி தொட்டால் தோல் பொசுங்கும். வாளித் தண்ணீர் குளிக்க இதமாக இருக்கும். ஆனாலும் வாளிக்குள் சென்ற வெப்பம் ஆணிக்குள் சென்றதைப் போல 130 மடங்குக்கும் மேல். வெப்பநிலை தோலுக்குத் தெரிவது. வெப்பம் கணக்குப் போட்டால்தான் தெரிவது.

இந்த வேறுபாட்டை 18-ஆம் நூற்றாண்டில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். அக்காலத்தில் வெப்பத்தை 'கலோரிக்' என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று எண்ணினார்கள். பீரங்கிக் குழாய் துளைக்கும்போது வெப்பம் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்த ரம்ஃபோர்டு பிரபு, 1798-இல் இந்தக் கருத்தை அசைத்தார். வேலையும் வெப்பமும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுபவை என்று 1840-களில் அளந்து காட்டியவர் ஜூல். ஆகவே 'இந்தப் பொருளில் இவ்வளவு வெப்பம் இருக்கிறது' என்று எழுதுவது இன்றைய இயற்பியலின்படி சரியல்ல. பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். அது இடம் மாறும்போதுதான் வெப்பம் என்ற பெயர் பெறுகிறது.

வானிலையில்

வானிலைச் செய்தியில் ஹீட் என்பது பெரும்பாலும் 'வெப்ப அலை'யைக் குறிக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியையும், கடலோர நிலையங்களில் 37 டிகிரியையும் எட்ட வேண்டும். அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். அதனால் கத்திரி வெயிலில் தலை வெடிப்பதுபோல் இருக்கும் ஒரு நாள், ஏட்டில் வெப்ப அலை நாளாகப் பதிவாகாமல் போகலாம். மே மாத இயல்பே உயரத்தில்தான் இருக்கிறது!

சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என இரண்டு நிலையங்களின் அளவுகள் வெளியாகின்றன. தென்புறநகர்வாசிகளுக்கு மீனம்பாக்கமே பக்கம். நகரில் பதிவான உச்ச வெப்பநிலை 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி. இந்த அளவுகள் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுக்கப்படுபவை. வெயிலில் நிற்கும் தகரக் கூரைக்கும் சாலையின் தாருக்கும் அந்த எண் பொருந்தாது.

எண் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தைக் கொண்டு போகும். ஆவியாக வேண்டும் என்பதே முக்கியம். சொட்டி வழிந்தால் பயனில்லை. கடற்காற்று நுழைந்ததும் வெப்பநிலை இறங்குகிறது, ஈரப்பதம் ஏறுகிறது, வியர்வை காய மறுக்கிறது. இந்த நிலைக்குத் தமிழில் 'புழுக்கம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. ஹீட் என்ற ஆங்கிலச் சொல் மட்டும் இதைச் சொல்லப் போதாது.

உடலில்

தாம்பரம் சானடோரியம் பகுதியில் இரண்டு மருத்துவ நிறுவனங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, மருத்துவர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்திலிருந்து வளர்ந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மற்றொன்று 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 'உடம்பு சூடு' என்ற சொல் இந்த இரண்டு வாசல்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்ற மூன்றால் விளக்குகிறது. வாதம், பித்தம், கபம் என்றும் சொல்வார்கள். அழல் என்றாலே தீ. மாம்பழமும் கோழிக்கறியும் எள்ளும் சூடு, மோரும் இளநீரும் வெள்ளரியும் குளிர்ச்சி என்ற வீட்டுப் பேச்சும், சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலும் இந்த மரபைச் சேர்ந்தவை. இந்தச் சூட்டுக்கும் வெப்பமானிக்கும் தொடர்பில்லை. கோழிக்கறி சாப்பிட்டு 'உடம்பு ஹீட்டாயிடுச்சு' என்பவரின் நாக்கடியில் வெப்பமானியை வைத்தால் அது வழக்கம்போல 37 டிகிரியை ஒட்டியே காட்டும். அவர் பொய் சொல்லவில்லை. கண் எரிச்சலையோ வாய்ப்புண்ணையோ மலச்சிக்கலையோ ஒரே சொல்லால் சொல்கிறார். அச்சொல்லை ஹீட் என்று ஆங்கிலமாக்கும்போதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் அந்தப் பொருளே இல்லை.

நெஞ்சக மருத்துவமனைப் பக்கம் வந்தால் சூடு என்பது காய்ச்சல். காசநோயில் மாலை நேரத்தில் இலேசாகக் காய்ச்சல் அடிப்பதும் இரவில் வியர்ப்பதும் வழக்கமான அறிகுறிகள். 'சாயந்திரம் ஆனா உடம்பு கொஞ்சம் சூடாகுது, வெயில் ஹீட்டுதான்' என்று சொல்லி மோர் குடித்துக்கொண்டே வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது ஆபத்து. இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 'சூட்டுக்கடுப்பு' என்பதும் இப்படித்தான். தண்ணீர் குறைவாகக் குடித்ததால் சிறுநீர் அடர்ந்து எரிவதும் அதுவே, சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றியதும் அதுவே. முன்னது தண்ணீரிலும் இளநீரிலும் தணியும். காய்ச்சலோ முதுகுவலியோ இரத்தமோ சேர்ந்தால் இளநீரோடு நிற்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது வெப்பத் தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். மொழிபெயர்ப்புகளில் இது சில சமயம் 'வெப்பப் பக்கவாதம்' ஆகிவிடுகிறது. பக்கவாதம் மூளையின் இரத்தக் குழாய் சார்ந்தது. இங்கே ஸ்ட்ரோக் என்பதற்குத் தாக்குதல், அடி என்றே பொருள். காய்ச்சலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. காய்ச்சலில் மூளை, உடலின் வெப்பநிலைக் குறியைத் தானே உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் அந்தக் குறியை இறக்கும். வெப்பத் தாக்கில் குறி உயரவில்லை; வெளிவெயிலும் உடலுழைப்பும் தரும் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்றுவிட்டது. உட்புற வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுகிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தப்புகிறது. பாராசிட்டமால் இங்கே வேலை செய்யாது. நிழலுக்குக் கொண்டுபோய், துணிகளைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுவதும், உடனே 108-ஐ அழைப்பதுமே செய்ய வேண்டியவை. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது. கட்டட வேலை செய்பவர், தள்ளுவண்டி வணிகர், பொருள் கொண்டுசேர்க்கும் இளைஞர், தகரக் கூரையின் கீழ் தனியாக இருக்கும் முதியவர் ஆகியோருக்கே இந்த ஆபத்து அதிகம். 'ஹீட்டா இருக்கு, கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்' என்று அவர்கள் சொல்லும்போது எந்த ஹீட் என்று பக்கத்தில் இருப்பவர்தான் கேட்டாக வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் அதுதான் என்று பதிவாக வேண்டும். மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று கடைசி விளைவை மட்டும் எழுதிவிட்டால் வெப்பம் கணக்கிலேயே வராது. வெயிலில் விழுந்த நேரம், அப்போது செய்த வேலை, முதலில் எடுத்த உடல் வெப்பநிலை ஆகியவற்றைக் குடும்பத்தார் மருத்துவரிடம் சொல்லிப் பதியவைப்பது இதனால் முக்கியமாகிறது.

தொழுவத்தில்

பசு, எருமை இணை சேர ஆயத்தமாக இருக்கும் காலத்தையும் ஆங்கிலம் ஹீட் என்றே சொல்லும். தமிழில் சினைப்பருவம். மாடு 'பருவத்துக்கு வந்திருக்கு' என்பது ஊர் வழக்கு. வண்டலூரைத் தாண்டி, பெருந்தடச் சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில், கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது (பூந்தமல்லி அருகே உள்ள காட்டுப்பாக்கம் வேறு). சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்ப்போருக்கு ஹீட் என்றால் முதலில் தோன்றும் பொருள் இதுவே. பசுவுக்கு இப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு நாள்கூட முழுதாக நீடிக்காது. காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்வது நடைமுறை. தவறவிட்டால் மூன்று வாரத் தீவனச் செலவு வீண்.

கோடையில் இதுவே கடினமாகிறது. வெயிலின் வாட்டத்தில் கத்துவது, மற்ற மாட்டின் மேல் தாவுவது போன்ற அறிகுறிகள் மங்கிவிடுகின்றன. எருமையில் இது இன்னும் அதிகம். இதனை ஊமைப் பருவம் என்பார்கள். ஒரு ஹீட் இன்னொரு ஹீட்டை மறைத்துவிடுகிறது.

பட்டறையிலும் ஓடுதளத்திலும்

தொழிற்பேட்டைகளில் எஃகு வாங்குவோர் சான்றிதழில் 'ஹீட் நம்பர்' பார்ப்பார்கள். உலையில் ஒரே தடவையில் உருக்கி வார்த்த எஃகு முழுவதற்கும் ஒரே எண். பின்னாளில் ஒரு கம்பி உடைந்தால் எந்த உருக்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அது உதவும். தடகளத்தில் ஹீட்ஸ் என்பது முதற்கட்டத் தகுதி ஓட்டங்கள். குதிரைப் பந்தய வழக்கிலிருந்து வந்த பொருள் இது.

தமிழாக்கும்போது

ஹீட்டின் உறவுச்சொல்லான வார்ம் ஆங்கிலத்தில் அன்பைக் குறிக்கும். குளிர் நாட்டில் அடுப்பங்கரைக் கதகதப்பே ஆறுதல். நமக்கோ கண் குளிர்வதும், மனம் குளிர்வதும், வயிறு குளிர்வதும் இன்பம். வயிறு எரிவது பொறாமை. ஆகவே ஆங்கிலத்தில் வார்மாக வரவேற்றால் தமிழில் அது அன்பான வரவேற்பு ஆகுமே தவிர வெதுவெதுப்பான வரவேற்பு ஆகாது. விவாதம் மட்டும் இரு மொழியிலும் சூடாகிறது.

மறுபக்கம், சூடு என்ற தமிழ்ச் சொல் போகும் இடங்களுக்கெல்லாம் ஹீட்டால் கூட வர முடியாது. துப்பாக்கிச் சூடு, சூடு சொரணை, வியாபாரம் சூடு பிடித்தல் ஆகியவற்றில் எதற்கும் ஹீட் பொருந்தாது. இலங்கைத் தமிழில் நெற்கதிர்க் குவியலே சூடு. கதிரடிப்பது சூடு மிதித்தல். சென்னையிலோ ஆட்டோ மீட்டர் ஓடிய தூரத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும்படி செய்துவைப்பது 'மீட்டருக்குச் சூடு வைப்பது'. வண்டி ஹீட்டானாலும் ஆகாவிட்டாலும் கட்டணம் ஏறும்.