மீனவர் வீட்டு நாய்

வாத்து வேட்டையில் சுடுவது பாதி வேலைதான். அடிபட்ட பறவை ஏரியில் விழுந்த பிறகு அதை யார் எடுத்து வருவது? சேற்றில் இறங்கினால் கால் புதைகிறது. கோரைக்குள் விழுந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. குண்டு பட்டும் சாகாத பறவை, கோரைக்குள் ஒளிந்து, துடித்துத் துடித்துச் சாகும். இந்த மீதி வேலைக்கென்றே சீமையில் ஒரு தனி வகை நாயை வளர்த்தார்கள். 'ரிட்ரீவர்' என்று பெயர். எடுத்து வரும் நாய் என்று பொருள்.

அந்த வகையில் உலகப் புகழ் பெற்றது லாப்ரடார். பணக்கார வீட்டுச் சோபாவில் அது படுத்திருக்கும் அழகைப் பார்த்துவிட்டு, பிறந்ததே மாளிகையில்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பூர்வீகம் மீன்பிடி குப்பம்! கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், பனிபோல் குளிர்ந்த கடலில் குதித்து, வலைக் கயிற்றைக் கவ்வி இழுத்ததும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடித்து வந்ததும் இதன் முன்னோர்கள்தாம். 19-ம் நூற்றாண்டில் அவை கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தன. மாம்ஸ்பரி பிரபுவும் பக்ளூ கோமகனும் அவற்றை வேட்டைக்குப் பழக்கினார்கள். 1903-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. மீன் எடுத்த வாய், வாத்து எடுக்கப் போயிற்று!

இத்தகைய நாய்களுக்கு மேல்நாடுகளில் பரீட்சையே உண்டு. அமெரிக்கக் கென்னல் கிளப் 1985-ல் ரிட்ரீவர்களுக்கான வேட்டைப் பரீட்சையைத் தொடங்கியது. இதில் ஒரு விசேஷம்: ஒரு நாய் மற்றொரு நாயைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடத்தில் போல, தேறுவதற்குரிய மார்க்கு வாங்கினால் எல்லா நாயும் பாஸ்! ஒவ்வொரு திறமைக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கு. மொத்தச் சராசரி ஏழுக்குக் குறையக் கூடாது.

என்ன பாடம்? பறவை விழுந்த இடத்தை நாய் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எஜமான் சொல்லும்வரை அசையக் கூடாது. சொன்னதும் நேரே போய், பல் பதியாமல் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். மேல் வகுப்பில் இன்னும் கடினம். விழுந்ததையே பார்க்காத பறவையை, எஜமானின் விசில் ஒலியையும் கைச் சைகையையும் மட்டும் நம்பிப் போய் எடுத்து வர வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம், இன்னொரு நாய் ஓடி எடுத்து வரும்போது, தான் சும்மா உட்கார்ந்திருப்பது. மனிதரில் எத்தனை பேர் இதில் தேறுவோம்?

'பாயிண்டர்' என்பது வேறு வகை. பறவையின் வாசனை பட்டதும் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு முன்காலைத் தூக்கியபடி, மூக்கை அம்புபோல் நீட்டிச் சிலையாக நின்றுவிடும். சில லாப்ரடார்களுக்கும் இந்தக் குணம் உண்டு. சுட்டிக்காட்டவும் தெரியும், எடுத்து வரவும் தெரியும் என்பதால் அவற்றுக்கு அமெரிக்காவில் தனி மதிப்பு. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இப்படி நிற்பவை அல்ல. கண்ணால் கண்டு, காற்றாய்ப் பறந்து துரத்துபவை.

சரி, இந்தப் பரீட்சையைச் சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டில் நடத்தினால் என்ன? தண்ணீருக்குக் குறைவில்லை. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பனிக்காலத்தில் வந்து இறங்குகின்றன. பூநாரைகள் ஆழமில்லாத நீரில் தலைகீழாய் அலகை அமிழ்த்தி இரை தேடுகின்றன. ஆனால் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அது திருத்தப்பட்ட பிறகு, பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயம் ஆயின.

சட்டம் இருக்கட்டும், பறவையின் பக்கம் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த வாத்துக்கு, திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்க வேண்டும். நாய் குரைத்து ஓடிவரும் ஒவ்வொரு தடவையும் கூட்டம் எழுந்து பறக்கிறது. சேர்த்த கொழுப்பு கரைகிறது; தின்னும் நேரமும் போகிறது. துப்பாக்கி இல்லாவிட்டாலும், அவிழ்த்துவிட்ட ஒரு நாய் போதும். கரையோரத் தரையில் முட்டையிடும் ஆள்காட்டி போன்ற பறவைகளுக்கோ, அதன் ஒரு நிமிஷ விளையாட்டு குடும்பமே அழிந்த கதை.

'பறவைக்கு ஏரியை விட்டால் மீனவர் எங்கே போவது?' என்ற கேள்வி எழாமல் இல்லை. நியாயமான கேள்விதான். அங்கே மீன் பிடிப்பவர்களுக்கு ஏரிதான் சோறு. ஆனால், எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதற்கு அவர்களே 'பாடு' என்ற முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறார்கள். ஏரியில் எடுப்பதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரம்பில்லாமல் சுட்டவர்கள் பொழுதுபோக்குக்காக வந்தவர்கள்தாம். வேடந்தாங்கல் கதையும் அதுவே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளுக்குக் காப்பு வாங்கிவிட்டார்கள்.

நாயின் மூக்கும் வீணாகிவிடவில்லை. 2008 முதல் டிராபிக் என்னும் அமைப்பு நம் நாட்டில் மோப்ப நாய்களுக்குப் பயிற்சி தந்து வனத்துறைகளிடம் ஒப்படைத்து வருகிறது. புலித்தோலையும் யானைத் தந்தத்தையும் மூட்டைக்குள் ஒளித்து வைத்தாலும் அவை கண்டுபிடித்துவிடும். வேட்டைக்காரனுக்கு உதவிய மூக்கு, இப்போது வேட்டைக்காரனையே தேடிப் போகிறது!

உங்கள் வீட்டில் லாப்ரடார் இருந்தால் அதன் பிறவி ஆசையைக் கெடுக்க வேண்டாம். பழைய கித்தான் துணியை உருளையாகச் சுருட்டித் தைத்து, தோட்டத்திலோ, பறவைகள் தங்காத குளத்திலோ வீசுங்கள். 'இரு' என்று சொல்லி, பத்து எண்ணிவிட்டு, 'எடுத்து வா' என்று அனுப்புங்கள். பல் பதியாமல் கொண்டுவந்தால் பாஸ். பழவேற்காட்டுக்குப் போகும்போது மட்டும் சங்கிலியைக் கழற்றாதீர்கள்.