0.2 கிராம் கிரேக்க வெள்ளிக் காசுக்கு 9,000 ரூபாய் கொடுக்கலாமா?

தங்கம், வெள்ளி ஈடிஎஃப் பற்றி நிறைய பேசியாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் வேற சமாச்சாரம். ஆன்லைனில் "2,400 வருஷப் பழைய கிரேக்க வெள்ளிக் காசு, அபூர்வம்"னு ஒரு போட்டோ. போட்டோவில் பார்த்தால் பத்து ரூபாய்க் காசு சைஸ் மாதிரி இருக்கும். கையில் வாங்கினால் சட்டைப் பித்தானைவிடச் சின்னது. விலை 9,000 ரூபாய்.

முதலில் ஒரு கணக்கு. வெள்ளி கிராம் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும் 0.2 கிராமுக்கு 20 ரூபாய்தான். மீதி 8,980 ரூபாய் எதுக்கு? அது எந்த ஊர்க் காசு, எந்தக் காலம், அசல்தானா என்ற தகவலுக்கு. தகவல் தப்பா இருந்தா கையில் நிற்கிறது அந்த 20 ரூபாய்தான். அதனால்தான் இந்தக் காசுகளை அடையாளம் காண்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை, பணக் கணக்கும்கூட.

ஏன் இவ்வளவு பொடிசா அடிச்சாங்க? ஏதென்ஸில் ஒரு டிராக்மா சுமார் 4.3 கிராம் வெள்ளி. அதில் ஆறில் ஒரு பங்கு ஓபோல், சுமார் 0.72 கிராம். ஓபோலில் பாதி 0.36, கால் பங்கு 0.18. கோர்ட்டில் ஜூரியாக உட்கார்ந்தவருக்கு ஒரு நாள் படி மூணு ஓபோல். அப்போ காய்கறி, மீன் வாங்கச் சில்லறை வேண்டாமா? செம்புக் காசு பரவலாகும் வரை அந்தச் சில்லறையும் வெள்ளிதான். கடைக்குப் போகும்போது வாயில் அடக்கிக்கொண்டு போனார்களாம். அந்தக் கால நாடகங்களிலேயே இதை வச்சு ஜோக் இருக்கு.

அடையாளம் காண முதலில் எடை. தி.நகர் நகைக்கடையில் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கும், தெரிந்த கடை என்றால் கேளுங்க. இல்லாவிட்டால் 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிடுங்க. அடுத்து விட்டம், மில்லிமீட்டரில். ஆனால் எடையை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. ஊருக்கு ஊர் எடைத் திட்டம் வேற. ஏஜினா தீவுக் கணக்கில் ஓபோல் சுமார் 1 கிராம், அதில் பாதி 0.5. தேய்ந்துபோன ஏதென்ஸ் ஓபோலும் ஏறக்குறைய அங்கேயே வந்து நிற்கலாம்.

அப்புறம்தான் படம். காட்டுப்பன்றியின் முன்பாதி, அதன் பின்னால் செங்குத்தாக ஒரு சூரை மீன், மறுபக்கம் சிங்கத் தலை: இது சைசிகஸ். சிங்கமும் மறுபக்கம் நட்சத்திரம் மாதிரிப் பூக்கோலமும் என்றால் மிலேட்டஸ். சக்கரம், அதன் கால் பகுதிகளில் 'மா' என்பதன் இரண்டு எழுத்து என்றால் மசாலியா, அதாவது இன்றைய பிரான்ஸின் மார்செய். ஆந்தையோடு ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான் என்ற மூன்று எழுத்து இருந்தால் ஏதென்ஸ். இவை எல்லாம் சுலபமான கேஸ். ஏதோ ஒரு தலை, பின்னால் வெறும் சதுரக் குழி, எழுத்தே இல்லை என்றால்தான் கஷ்டம். எடை, விட்டம், படம் மூன்றையும் சேர்த்து வைத்து, ஏசிசர்ச், வைல்ட்விண்ட்ஸ் மாதிரித் தளங்களில் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான். விற்பவர் எழுதின பெயரைப் போட்டுத் தேடாதீங்க, படத்தை வைத்துத் தேடுங்க.

நம்ம ஊரிலேயே இதுக்குப் பெரிய உதாரணம் இருக்கு. கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசுகள் மட்டுமில்லை, செலூசிட், பினீசியா காசுகளும் கிடைத்திருக்கின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைச் சேகரித்து, ஒவ்வொன்றாக ஊர் கண்டுபிடித்து, 2000-ஆம் ஆண்டு ஒரு புத்தகமாகவே போட்டார். சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற தமிழ்-பிராமி எழுத்தைப் படித்தவரும் அவர்தான். யாரும் மதிக்காத ஒரு செப்புத் துண்டு, எழுத்தைப் படித்த அன்றிலிருந்து வரலாற்றுச் சான்று. நம்ம பக்கத்து வெள்ளித் 'தாரம்' காசுகளும் அரிசி மாதிரிப் பொடிசுதான். விவரம் தெரியாதவர் கையில் அதுவும் "கிரேக்கம்" ஆகிவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துட்டு வாங்க. கண் பழகும்.

போலி விஷயம் தனி. 1980களின் கடைசியில் 'கருங்கடல் புதையல்' என்று மெசெம்ப்ரியா, அப்போலோனியா ஊர்களின் சின்ன வெள்ளிக் காசுகள் மார்க்கெட்டில் கொட்டின. அசலா போலியா என்று பெரிய பெரிய டீலர்களே இரண்டு கட்சியாக நின்றார்கள். கடைசியில் போலி என்ற முடிவுதான் நிலைத்தது. நிபுணர்களுக்கே அந்தக் கதி என்றால், போனில் ஒரு போட்டோ பார்த்து நாம் எப்படிச் சொல்ல முடியும்? விளிம்பில் அச்சுக் கோடு, மேலே குட்டிக் குட்டிக் குமிழிப் பள்ளம் தெரிந்தால் வார்ப்புப் போலி. கொத்தாக ஒரே மாதிரிக் காசு, ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் கீறல் என்றாலும் ஓடிடுங்க.

இப்போ முதலீட்டுக் கேள்வி. வெளிநாட்டு ஏலத்தில் 9,000க்கு எடுத்தால், வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்று வைத்தாலே 10,800. கூரியர், கஸ்டம்ஸ் தனி. விற்கும்போது 10 சதவீதம் கமிஷன் போனால், போட்டதை எடுக்கவே ஏலம் 12,000 தொட வேண்டும். 33 சதவீதம் ஏறினால்தான் அசல்! அதுவும் எங்கே விற்பீங்க? 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய எந்த நாணயமும் தொல்பொருள். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வந்த காசு இங்கேயே மாட்டிக்கொள்ளும், இங்கே கிரேக்கச் சில்லறை வாங்க ஆள் ரொம்பக் குறைவு. எஸ்ஐபியை நிறுத்திட்டு இதில் போடுகிறேன் என்றால், வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. போனஸில் ஒரு சின்னப் பகுதி, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற பணம் என்றால் தாராளமா வாங்குங்க. பில்லும், முந்தைய ஏல விவரமும் கேட்டு வாங்குங்க.

இன்னொன்று. "உங்க பழைய காசை லட்சத்துக்கு வாங்கிக்கிறோம், முதலில் ரிசர்வ் வங்கிக் கட்டணம் கட்டுங்க"னு யாராவது கேட்டால் கட்டாதீங்க. அப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கு. தோண்டும்போது கிடைத்த காசு என்றால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்ல வேண்டும். அதை "மலிவா கிடைக்குது"னு வாங்கி வைக்காதீங்க.

வாங்கியதைக் கழுவுவது பற்றியும் சொல்லிடறேன். குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க. இத்தனை வருஷம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய் இருக்கும். 0.2 கிராம் காசு விரலுக்கு நடுவில் அப்பளம் மாதிரி உடையும்.