கீழாநெல்லி கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

லண்டனிலிருந்து வெளிவரும் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் 1988ஆம் ஆண்டு கீழாநெல்லியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நம் வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் அதே செடிதான். ஆய்வை நடத்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழுவினர். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது.

உலகம் திரும்பிப் பார்த்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். ஆனால் தாய்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பிறகு செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. கிடைத்த சோதனைகள் அனைத்தையும் 2011இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது.

நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லியின் செல்வாக்கு இதனால் கொஞ்சமும் குறையவில்லை. இன்று அந்தப் பொடியைத் தேடி வருபவர்களில் பலர் கையில் வைத்திருப்பது மஞ்சள் காமாலைக்கான ரத்தப் பரிசோதனை முடிவு அல்ல. ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதிய வயிற்று ஸ்கேன் அறிக்கை. காமாலைக்குக் கேட்ட மருந்து கல்லீரல் கொழுப்புக்கும் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டும் கல்லீரல் நோய்தானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு வேறு வழியில் வரும் நோய்கள்.

ஊரில் அதிகம் காணும் காமாலை, அசுத்தமான தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ போன்ற வைரஸ்களால் வருவது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களில் என்ன மருந்து கொடுத்திருந்தாலும் பெயர் அந்த மருந்துக்குத்தான் போகும். கொழுப்புக் கல்லீரல் அப்படித் தானாக வந்து தானாகப் போவதில்லை. கல்லீரலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். வலிக்காது, கண் மஞ்சளாகாது, பசி குறையாது. சிலருக்கு அது பல ஆண்டுகளில் அழற்சியாகி, தழும்பாகி, கல்லீரல் சுருக்கத்தில் போய் முடியும். 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தியப் பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதாக மதிப்பிட்டது. ஒரு வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவருக்காவது இருக்கக்கூடும்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? எண்ணெயும் நெய்யும்தான் காரணம் என்று நினைப்பவர்கள் அதிகம். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பின் மூலத்தைத் தடம் பிடித்துப் பார்த்தது. 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. 26 சதவீதத்தைச் சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே தயாரித்திருந்தது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது வெறும் 15 சதவீதம். இன்சுலின் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போகும்போது முதல் இரண்டு வழிகளும் அகலத் திறந்துகொள்கின்றன.

நம் சாப்பாட்டைப் பார்த்தால் இது புரியும். காலையில் நான்கு இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, மாலையில் சர்க்கரை போட்ட காபியோடு பிஸ்கட், இரவில் தோசை. பெயர் மாறுகிறதே தவிர நாள் முழுக்க உள்ளே போவது மாவுச்சத்துதான். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக, சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ ஆய்வு 2025இல் கூறியது. குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்பதும் சரியில்லை. மேற்கு வங்கக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேரின் உடல் எடைக் குறியீட்டெண் 25க்குக் கீழேதான் இருந்தது.

சரி, மூலிகைகள்? கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு என்று எதைத் தேடினாலும் ‘கல்லீரலைக் காக்கும் என்று ஆய்வில் நிரூபணம்’ என்ற வரி கண்ணில் படும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எப்படி நடந்தன என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சை ஊசி மூலம் ஏற்றுவார்கள், அல்லது அளவுக்கு மிஞ்சிப் பாராசிட்டமால் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் கல்லீரல் செல்கள் கூட்டமாகச் சாகத் தொடங்கும். சில எலிகளுக்கு முன்கூட்டியே மூலிகைச் சாறு புகட்டியிருப்பார்கள். அவற்றின் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் அவ்வளவாக ஏறியிருக்காது. ஆய்வு முடிந்தது, செடிக்குக் ‘கல்லீரல் காப்பான்’ என்ற பட்டம் கிடைத்தது. பத்து வருடம் வெள்ளைச் சோறும் குளிர்பானமுமாக ஒரு மனிதரின் கல்லீரலில் கொழுப்பு படிவதற்கும், ஒரே நாளில் எலிக்கு ஏறிய நச்சுக்கும் அதிக உறவில்லை. அந்த ஆய்வுகள் வீண் என்று சொல்லவில்லை. மனிதர்களில் ஆராயத் தகுந்த செடி எது என்று காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது.

மனிதர்களிடம் நடந்த நல்ல சோதனைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவையே. ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின், நம் ஊர் மருந்துக் கடைகளில் மாத்திரையாகவே கிடைக்கிறது. மலேசியாவில் 99 பேருக்கு 48 வாரம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், தினமும் மூன்று வேளை 700 மில்லிகிராம் சிலிமரின் சாப்பிட்டவர்களில் 32.7 சதவீதத்தினர், கல்லீரல் நோயின் தீவிரம் குறைய வேண்டும் என்ற இலக்கை எட்டினார்கள். போலி மருந்து சாப்பிட்டவர்களில் 26 சதவீதத்தினர் எட்டினார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஆனால் தழும்பு குறைந்தவர்கள் சிலிமரின் பக்கம் 22.4 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 6 சதவீதம். மேலும் ஆராய இது நல்ல காரணம். மருந்தென்று நம்பி விழுங்க இது போதாது. கீழாநெல்லிச் சாற்றையும் மலேசியாவில் இதே நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் கொழுப்பின் அளவில் போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

ஓரளவு நம்பிக்கை தருவது பெர்பெரின். மரமஞ்சள் கட்டைக்கு அந்த மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் பொருள் இதுதான். சீனாவின் ஷாங்காயில் 184 பேரை வைத்து 16 வாரம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும் மேற்கொண்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 36.4 சதவீதம் குறைந்தது. அவற்றோடு பெர்பெரினும் எடுத்தவர்களுக்கு 52.7 சதவீதம் குறைந்தது. விளம்பரங்கள் இரண்டாவது எண்ணை மட்டும் சொல்லும். முதல் எண்ணைப் பார்த்தால், அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு எந்த மூலிகையும் இல்லாமலே கிடைத்திருப்பது தெரியும். பெர்பெரின் வேறு சில மாத்திரைகளின் வேலையைக் குலைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே சித்த வைத்திய மரபுக்கு நியாயம் செய்தாக வேண்டும். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்த வைத்தியர் அதோடு பத்தியமும் சொன்னார். எண்ணெய் கூடாது, புளி கூடாது, இன்னின்ன நாள் வரை இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று கறாராக நின்றார். இன்று பொடி மட்டும் டப்பாவில் அடைபட்டு வீட்டுக்கு வருகிறது. பத்தியம் கடையிலேயே நின்றுவிட்டது. கொழுப்புக் கல்லீரலைப் பொறுத்தவரை, மனிதர்களில் மெய்ப்பிக்கப்பட்ட பகுதி அந்தப் பத்தியத்தின் சாரமான உணவுக் கட்டுப்பாடுதான்.

அதற்கான ஆதாரம் கியூபாவிலிருந்து வந்தது. கொழுப்போடு அழற்சியும் சேர்ந்துவிட்ட 293 பேர் ஓராண்டு உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அந்த அழற்சி நோய் நீங்கியிருந்தது; 45 சதவீதத்தினருக்குத் தழும்பே குறைந்திருந்தது. ஆனால் அவ்வளவு எடை குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். மூலிகை மீது மக்களுக்கு இத்தனை ஆசை வருவதற்குக் காரணமும் இதுவே. எடை குறைப்பது கடினம். பொடியைக் கலக்கிக் குடிப்பது எளிது.

எளிது என்றாலும் எப்போதும் தீங்கற்றது அல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடிச் சாறு குடித்த ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு மும்பையில் சிகிச்சைக்கு வந்ததை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் 13 மையங்களிலிருந்து இதுபோல் 43 பேரின் விவரங்கள் வெளியாயின. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது; வேறொரு கொடியோடு குழம்பியிருக்கலாம் என்றது. செடி மாறிப்போவது நடக்காத விஷயமும் அல்ல. தென்னிந்தியாவில் கீழாநெல்லி என்று விற்ற மாதிரிகளைச் சோதித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் அதன் உறவுச் செடிகள் இருந்தன. உண்மையான கீழாநெல்லியின் சிறு கிளையைத் திருப்பிப் பிடித்தால் சிற்றிலைகளின் அடியில் கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்கும். மேலாநெல்லியும் பார்வைக்கு அதன் சாயலில்தான் இருக்கும். பொடியாக்கிவிட்டால் கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மஞ்சளின் கதையும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 2004 முதல் 2022 வரை, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை ஓர் ஆய்வு வலையமைப்பு அடையாளம் கண்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். மூன்று பேர் சாப்பிட்ட மாத்திரையில் மிளகுச் சத்தும் இருந்தது. மஞ்சளின் குர்குமினை உடம்பு அதிகம் உறிஞ்ச வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணு இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இதனால் பயப்பட வேண்டியதில்லை. சமையலறைப் பொருளைச் செறிவாக்கி மாத்திரையாக்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது.

நவீன மருத்துவமும் இந்த நோய்க்கு நீண்ட காலம் வெறுங்கையோடுதான் நின்றது. அழற்சியும் தழும்பும் உள்ளவர்களுக்கான முதல் மருந்தான ரெஸ்மெட்டிரோமுக்கு அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் அனுமதி தந்தது. 2025 ஆகஸ்டில் செமாக்ளுடைடும் சேர்ந்தது. அந்த மருந்துகள் தாண்டி வந்த அதே அளவான சோதனையைக் கீழாநெல்லிக்கும் கரிசலாங்கண்ணிக்கும் இங்கே நடத்த வேண்டும். 1988இல் சென்னையால் போலி மருந்தோடு ஒப்பிட்ட ஒரு சோதனையை நடத்திக் காட்ட முடிந்தது. இன்று அதைவிட நல்ல கருவிகள் உள்ளன, சித்த மருத்துவத்துக்கென்று தாம்பரத்தில் தேசிய நிறுவனமே இருக்கிறது. நடத்தாமல் விளம்பரம் மட்டும் செய்வது நோயாளிக்கும் நல்லதல்ல, செடிக்கும் நல்லதல்ல.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. தட்டில் சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் கீரையையும் கூட்டையும் பயறையும், மீனோ முட்டையோ சாப்பிடுபவர்கள் அதையும் வைக்கலாம். இனிப்புப் பானங்களை நிறுத்தலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்வதால் காபியை விட வேண்டாம். அதில் போடும் சர்க்கரையை விட்டால் போதும். ஸ்கேனில் கொழுப்பு என்று வந்தால் மருத்துவரிடம் ‘ஃபிப்-4’ கணக்கைப் போடச் சொல்லிக் கேளுங்கள். வயதும், இரண்டு கல்லீரல் நொதிகளும், ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். 1.3க்குக் கீழே வந்தால் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் சாப்பிடும் பொடியையும் லேகியத்தையும் மறைக்காதீர்கள். அந்த டப்பாவையே கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.