தமிழ் மக்கட்பெயர்களில் பாற்பொதுமை: கோதை முதல் எழில் வரை

ஆய்வுச் சுருக்கம்

ஆண், பெண் என்னும் இரண்டில் ஒன்றை உறுதியாகச் சுட்டாத பெயரைக் குழந்தைக்கு இடும் விருப்பம் இன்று பெற்றோர் சிலரிடம் காணப்படுகிறது. இதனை அயல்நாட்டு வழக்கின் வரவாகக் கருதுவோர் உளர். பாலை உணர்த்தும் பணியைத் தமிழ் இலக்கண மரபு எல்லாப் பெயர்க்கும் சுமத்தவில்லை. ஒருசார் பெயர்களில் அதனை வினைமுடிபிடம் விட்டுள்ளது. இக்கட்டுரை அம்மரபையும், தமிழ்ப் பெயர்களின் அமைப்பில் பாற்பொதுமை எவ்விடத்தில் நிற்கிறது, எவ்விடத்தில் குலைகிறது என்பதையும் விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: விரவுப்பெயர், ஒருமை இயற்பெயர், பெயரடி, பெயரீறு, ஊடுபால்

முன்னுரை

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பு வழங்கியது. திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டம் கூறும் மணமகளே என்று அறிவித்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பால்மாற்று அறுவையைத் தடைசெய்ய வேண்டுமெனவும் தமிழக அரசுக்கு ஆணையிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாணை வெளிவந்தது. உயிருக்கு இடர் நேரும் நிலை தவிர, குழந்தை வளர்ந்து தன் பாலைத் தானே உணர்ந்து சொல்லும்வரை அறுவை காத்திருக்கலாம் என்பது இதன் பொருள்.

அறுவை காத்திருக்கலாம்; பெயர் காத்திருக்குமா? 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரின்றிப் பிறப்பைப் பதிந்து பெயரைப் பின்னர்ச் சேர்க்க இடந்தருகிறது. ஆனால் தொட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர் அத்துணைப் பொறுமை உடையவரல்லர். காஞ்சிபுரத்திலும் அதனை அடுத்த ஏனாத்தூர் முதலான ஊர்களிலும் கோயில்களே பெயர்க்களஞ்சியம். ஏகாம்பரம், வரதன், குமரன் என ஒருபுறமும், காமாட்சி, பெருந்தேவி என மறுபுறமும் பெயர்கள் முன்னரே பிரிந்து நிற்கின்றன. இருபுறமும் சேராத பெயரொன்று வேண்டும் பெற்றோர் எங்கே தேடுவது என்பதே இங்கு எழும் வினா.

இலக்கணிகள் கண்ட கோதை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் பெயரியல், இரு திணைக்கும் பொதுவாகிய விரவுப்பெயர்களை வகுக்கிறது. அவற்றுள் இயற்பெயர் நான்கு வகைப்படும்: பெண்மை இயற்பெயர், ஆண்மை இயற்பெயர், பன்மை இயற்பெயர், ஒருமை இயற்பெயர். முதலிரண்டும் பெயரளவிலேயே பாலைக் காட்டுவன. ஒருமை இயற்பெயரோ ஒன்று என்னும் எண்ணை மட்டும் காட்டும். அது சுட்டுவது ஆணா, பெண்ணா, அஃறிணையா என்பது வினை வந்த பின்னரே தெளிவாகும். இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று ‘கோதை’. கோதை வந்தான், கோதை வந்தாள், கோதை வந்தது என மூன்று முடிபும் அதற்கு உண்டு.

இஃது உரைக்கெனப் புனைந்த எடுத்துக்காட்டு அன்று. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை புறநானூற்றின் 245ஆம் பாடலை இயற்றியவன். கோக்கோதை மார்பன் மற்றொரு சேரன். கரூர்ப் பகுதியில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் ‘மாக்கோதை’ என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே பெயர் பின்னர்த் திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பெயராயிற்று. அரசன் தன் முகத்தோடு காசில் பொறித்துக்கொண்ட பெயரை இன்று ஆண்குழந்தைக்கு இட்டால் ஊர் நகைக்கும். பெயரின் பொதுமை அகராதியில் இல்லை, வழக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை இங்குத் தேவை. பெயரியலின் அக்கறை திணைப் பாகுபாடு பற்றியது. இன்றைய பாலின அடையாளச் சிந்தனையை அதனுள் ஏற்றிக் காண்பது பொருந்தாது. எனினும் ஆண், பெண் வரையறைக்குள் அடங்காதாரைத் தொல்காப்பியர் அறியாதவரல்லர். ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயர்க்கும் தெய்வத்தைச் சுட்டும் பெயர்க்கும் தமக்கென உரிய ஈறு இல்லை, உயர்திணைப் பால்களின் ஈறுகளையே அவை கொள்ளும் என்று கிளவியாக்கம் கூறுகிறது. முன்னவற்றுக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்றும் வரையறுக்கிறது. மொழியில் அவர்களுக்கென ஈறு இல்லாமையை ஒரு குறையாகவேனும் இலக்கணம் பதிந்துவைத்தது குறிப்பிடத்தக்கது.

‘ஆர்’ மறைக்கும் பால்

சங்கப் புலவர் பெயர்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் இருவரும் ஓரூரார். சாத்தன், சாத்தி என்னும் அடிகளே பாலை வேறுபடுத்துகின்றன. உயர்வு குறித்த ‘ஆர்’ இருவர்க்கும் ஒன்றே. அடி பால் காட்டாதபோது ஆர் ஈறு ஆய்வாளரைத் திகைக்கவைக்கிறது. வெள்ளிவீதியார் என்னும் பெயரில் ஒரு வீதியே உள்ளது. அள்ளூர் நன்முல்லையாரைப் பெண்பாற் புலவரெனக் கொள்வதற்கு முல்லை என்னும் பூவும் ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. கோதை என்னும் மாலையைச் சூடிய பெயருடையோர் சேர மன்னராயிருக்க, பூப்பெயரைக் கொண்டு பெண்ணென்று துணிதல் வலுவான வாதமாகாது. சங்கப் பெண்பாற் புலவரின் தொகை ஆய்வாளர்க்கு ஆய்வாளர் வேறுபடுவதற்கு இத்தகைய பெயர்களே பெரிதும் காரணம்.

பெயரடியும் பெயரீறும்

இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பரப்பிய பெயர்கள் பெரும்பாலும் ஈருறுப்புடையன. தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, எழிலரசன், எழிலரசி, அன்பழகன், அன்பழகி, மதியழகன், மதிவதனி. முன்னுறுப்பாகிய அடி, பண்போ பொருளோ குறித்து நிற்கும். பின்னுறுப்பே பாலைச் சுமக்கிறது. வீட்டிலும் நண்பரிடையிலும் பின்னுறுப்பு தானே உதிர்ந்துவிடும்: ‘தமிழ்’, ‘எழில்’, ‘அன்பு’, ‘மதி’. செல்வனையும் செல்வியையும் ‘டேய் தமிழ்’, ‘ஏ தமிழ்’ என்றே அழைக்கின்றனர். பால் பெயரைவிட்டு விளிச்சொல்லுக்குப் போய்விட்டது. ஆகவே பாற்பொதுப் பெயரை விரும்பும் பெற்றோர் புதிதாகப் படைக்க வேண்டியது சிறிதே. அடியை நிறுத்தி ஈற்றை விடுத்தால் போதும்.

இதனினும் பழைமையானவை மணிப்பெயர்கள். முத்து, மணி, தங்கம், இரத்தினம் ஆகியன இலக்கண நோக்கில் அஃறிணைச் சொற்கள். மக்கட்குப் பெயராகும்போது இருபாலார்க்கும் வழங்குவன. முத்துசாமியும் முத்துலட்சுமியும் ‘முத்து’தான். ஆயினும் இத்தொகுதி முழுவதும் ஒரே தன்மையதன்று. மாணிக்கம் என்றால் ஆண் நினைவுக்கு வருகிறான். மரகதம், பவளம் என்றால் பெண். ஒன்பது மணிகளுள் எது ஆணுக்கு, எது பெண்ணுக்கு என்று வகுத்தவர் எவருமிலர், வழக்கு வகுத்துவிட்டது. காஞ்சிபுரத்தின் பட்டும் இவ்வரிசையிற் சேரும். 1919இல் அந்நகரில் பிறந்த இசைக்கலைஞர் டி.கே. பட்டம்மாளின் இயற்பெயர் அலமேலு. ‘பட்டா’ என்பது வீட்டார் அழைத்த செல்லப்பெயர். ‘அம்மாள்’ சேர்ந்த பின்னரே அது ஐயத்துக்கிடமின்றிப் பெண்பெயராயிற்று.

இன்று விரும்பப்படும் ஒற்றையடிப் பெயர்களும் இவ்வாறே சாய்ந்துகொண்டிருக்கின்றன. நிலா, கயல், மலர் ஆகியவை பெண்பாலை நோக்கியும், கதிர், முகில், வெற்றி ஆகியவை ஆண்பாலை நோக்கியும் நகர்ந்துவிட்டன. தமிழ், எழில், மதி, இசை, அன்பு இன்னும் நடுவில் நிற்கின்றன.

‘கிரண்’ வழக்கு

பெயர் பாலைக் காட்டியே தீரவேண்டுமா என்னும் வினா ஓர் இந்தியப் பெயரை முன்னிட்டே ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. இந்தியத் தொடர்புடைய குடும்பம் ஒன்று தன் மகளுக்கு ‘கிரண்’ எனப் பெயரிட்டது. பெண் என்பதை அப்பெயர் தெளிவாகக் காட்டவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. 2008 டிசம்பர் 5இல் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. முற்பெயர் பாலை அறிவிக்க வேண்டும் என்னும் விதி சட்டத்தில் இல்லை, குழந்தையின் நலனே எல்லை என்றது.

வட இந்திய வழக்கில் அப்பெயர் இருபாலார்க்கும் உரியது. சீக்கியர் பெயர்களில் முற்பெயர் பெரும்பாலும் பொது. சிங், கௌர் என்னும் பிற்பெயரே ஆண், பெண் எனப் பிரிக்கிறது. தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி என்பதன் அமைப்பும் இதுவே.

வினைமுடிபு என்னும் இடர்

பெயரைப் பொதுவாக்கியபின் எஞ்சுவது வினை. ஆங்கிலத்தில் பெயர்ப்பதிலியை மாற்றினால் தொடர் முழுதும் மாறிவிடும். தமிழில் படர்க்கை ஒருமை முற்றுவினை ஒவ்வொன்றும் பாலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ‘எழில் வந்தான்’, ‘எழில் வந்தாள்’ என்பவற்றுக்கு நடுவே ‘எழில் வந்தது’ என்று குழந்தையை அஃறிணையாற் கூறும் வழக்கு பேச்சில் இயல்பாக உண்டு. ஆனால் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது நெடுநாள் ஒவ்வாது. ‘எழில் வந்தார்’ என்பதே எஞ்சும் வழி. ‘ஒருவர்’ என்னும் சொல் இருபாலார்க்கும் உரியது, பன்மை முடிபு கொள்ளும் என்று பெயரியல் முன்னரே இசைந்துள்ளது. எனினும் மூன்று வயதுக் குழந்தையை ‘வந்தார்’ எனக் குறிப்பது வீட்டுப் பேச்சில் கேலியாக ஒலிக்கும். உயர்வுப் பன்மை வயதோடு பிணைந்திருப்பதால், குழந்தைப் பருவத்தில் பெயர் தரும் இடத்தை வினை தருவதில்லை.

பேச்சில் நேரும் இவ்விடர் எழுத்துப் பதிவில் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மதிப்பெண் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றில் முற்றுவினை வருவதில்லை. பெயரும் பால் குறித்த கட்டமுமே வருகின்றன. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிலும் பிற ஆவணங்களிலும் முற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை தருகிறது. அவ்வுரிமையைப் பயன்கொள்ளத் தமிழ்ச்செல்வன் தமிழ்ச்செல்வியாகும்போது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வோர் ஆவணத்திலும் ஓர் ஈற்றை மாற்ற வேண்டும். மாறாத ஓர் ஆவணம் எஞ்சினும் இருவர் ஒருவரே என்று மெய்ப்பிக்க நேரும். ‘தமிழ்’ என்றே பதியப்பட்டவர்க்கு மாற வேண்டியது பால் குறித்த கட்டம் மட்டுமே.