வீட்டுக்குத் திரும்பிய கருக்கலைப்பு

கிளமெண்டி நகருக்கும் சிங்கப்பூரின் கருக்கலைப்புச் சட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1970களின் நடுவில் இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகள் வரிசையாக எழும்பத் தொடங்கிய காலத்தில்தான், 24 வாரம் வரை ஒரு பெண் கேட்டாலே கருவைக் கலைக்கலாம் என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கம்பத்திலிருந்து மூவறை வீட்டுக்கு மாறிவந்த பெண்களுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்தூக்கியும் கிடைத்தன; கேட்டால் மறுக்காத மருத்துவரும் கிடைத்தார்.

இன்று உலகெங்கும் வாதம் வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. மாத்திரை வந்தபின், வீட்டிலேயே கருவைக் கலைத்துக்கொள்வது பாதுகாப்பானதா என்று கேட்கிறார்கள். இந்த ஊருக்கு அந்தக் கேள்வி ஒன்றும் புதிதல்ல. சட்டத்துக்கு முன்னால் ஏழைப் பெண்களுக்குக் கருக்கலைப்பு நடந்ததே வீட்டில்தான்.

எங்கள் புளோக்கில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். இளமையில் தேக்காவில் குடியிருந்தவர். நாள் தள்ளிப்போனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. அவர் வயதுக்கு இனி யாருக்குப் பயம்? முதலில் பச்சைப் பப்பாளி, எள்ளு, கருஞ்சீரகக் கஷாயம். அதற்கு மசியாவிட்டால் வயிற்றைத் தடவிவிடும் கிழவி. அதற்கும் அடங்காவிட்டால் குச்சி. பிறகு காய்ச்சலும் ரத்தப்போக்குமாகப் புக்கிட் தீமா சாலையில் இருந்த கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி. “டாக்டர் கேட்டா, படியில விழுந்துட்டேன்னுதான் சொல்லணும். எல்லாரும் அதையேதான் சொல்வாங்க. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.”

அந்தப் பொய்க்குக் காரணம் இருந்தது. 1860இல் இந்தியாவில் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தை ஆங்கிலேயர் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கொண்டுவந்தார்கள். கருவைக் கலைப்பது குற்றம் என்று சொல்லும் பிரிவின் எண்கூட மாறவில்லை: அங்கும் 312, இங்கும் 312. தாயின் உயிரைக் காப்பதற்காக என்றால் மட்டும் விலக்கு. கலைத்துவிட்டவருக்கு மட்டுமின்றி, தனக்குத்தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது தன்னையே காட்டிக்கொடுப்பதாக இருந்தது. பாதி கலைந்த கருவும் உள்ளே பரவும் கிருமியும் மணிக்கணக்கில் உயிரைத் தின்றுகொண்டிருக்கும். பெண்ணோ ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று நாட்களைக் கடத்திக்கொண்டிருப்பாள். குச்சி பாதி கொன்றதென்றால், தாமதம் மீதியைக் கொன்றது.

1969 டிசம்பர் 29 அன்று நாடாளுமன்றம் முதல் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அவையில் இருந்தது மக்கள் செயல் கட்சி மட்டுமே. கொறடாவின் கட்டளை விலக்கப்பட்டதால், ஒரே கட்சிக்குள்ளேயே 32 பேர் ஆதரித்தார்கள், 10 பேர் எதிர்த்தார்கள். வெளியே கத்தோலிக்கர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அந்தச் சட்டம் காரணங்களைக் கேட்டது. ஐந்தாண்டுக்குள் வந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் காரணம் கேட்பதையே விட்டுவிட்டது.

பெண்ணின் உரிமை என்ற பேச்சைவிட, பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற பேச்சுதான் அப்போது உரக்கக் கேட்டது. 1966இல் கண்டாங் கெர்பாவில் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. ஒரு தனி மருத்துவமனையில் அதுவே உலக சாதனை. ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற சுவரொட்டி எங்கும் தொங்கியது. பிள்ளை கூடக்கூடப் பிரசவக் கட்டணம் ஏறியது, வரிச்சலுகை நின்றது, பெரிய குடும்பம் என்பதற்காக வீவக வீட்டில் கிடைத்த முன்னுரிமை போனது. கிளமெண்டியின் மூவறை வீடுகள் அந்தக் கணக்குக்கு ஏற்ற அளவில்தான் இருந்தன. கருத்தடை பலிக்காமல் மூன்றாவதாக உருவானால், ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதில் ரகசியம் இருந்தது, ஆனால் குற்றம் இல்லை. 1985இல் நாட்டில் 23,000க்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் நடந்தன. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் 42,000 அளவில்தான். கருக்கலைப்பு எண்ணிக்கைக்கு அதுவே உச்சம்.

பிறகு காற்று திசை மாறியது. 1987இல் ‘மூன்று பெறுங்கள், வசதி இருந்தால் இன்னும் பெறுங்கள்’ என்றது அரசு. அதே ஆண்டு கருக்கலைப்புக்கு முன் ஆலோசனை கட்டாயமானது. ஆலோசனை முடிந்து 48 மணி நேரம் பொறுத்துத்தான் கையெழுத்து. இதில் யாருக்கு விலக்கு என்று பார்த்தால் அந்தக் காலத்தின் மனம் புரிந்துவிடும். படிப்பு குறைந்தவர்களுக்கும், ஏற்கெனவே மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆலோசனை கட்டாயமில்லை. படித்த பெண்ணை யோசித்துப் பார் என்று நிறுத்தி வைத்த அரசுக்கு, இவர்களை யோசிக்க வைக்கும் அவசரம் இருக்கவில்லை. வெளிநாட்டுப் பெண்களுக்கும் அப்படித்தான். இந்த வேறுபாடு 2015இல்தான் நீங்கியது. இப்போது எல்லாப் பெண்களுக்கும் ஒரே ஆலோசனை, ஒரே 48 மணி நேரம்.

இன்று கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் கர்ப்பச் சோதனைப் பெட்டி, பற்பசைக்கு இரண்டு தட்டு தள்ளி இருக்கிறது. இரண்டு கோடு தெரிந்தால் போக வேண்டிய வழி தெளிவு: அனுமதி பெற்ற மருத்துவர், ஸ்கேன், ஆலோசனை, காத்திருப்பு, சிகிச்சை. 16 வாரம் தாண்டினால் கூடுதல் தகுதி பெற்ற மருத்துவர் வேண்டும். 24 வாரம் தாண்டினால், தாயின் உயிருக்கோ, உடல் மன நலத்துக்கோ கடுமையான, நிரந்தரமான கேடு வரும் என்றால் மட்டும். பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. 16 வயது நிரம்பாத மணமாகாத பெண்ணுக்குத் தனி ஆலோசனை உண்டு. வற்புறுத்திக் கலைக்க வைப்பது குற்றம். யார் கலைத்தார்கள் என்பதை மருத்துவமனையில் உள்ளவர் வெளியே சொல்வதும் குற்றம். மனசாட்சி இடம் தராத மருத்துவர் மறுக்கலாம். கருத்தடை பரவியதாலும் பெண்களின் வாழ்க்கை மாறியதாலும் எண்ணிக்கை 2017இல் 7,000க்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ 2023இல் 0.97க்கு வந்துவிட்டது.

சட்டத்தை எதிர்ப்பவர்களின் வாதத்துக்கும் இன்று புதிய பலம் வந்திருக்கிறது. 1974இல் 24 வாரத்தில் பிறந்த குழந்தை பிழைப்பது அரிது. கிளமெண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 2020இல் 25 வாரம் முடியுமுன் 212 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறந்தது. பதின்மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போனது. அப்படியிருக்க 24 வாரம் என்ற எல்லையை அப்படியே வைத்திருக்கலாமா என்று அவர்கள் கேட்பதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் எல்லையை நெருங்கி வருகிறவர்கள் எல்லோரும் அலட்சியத்தால் தாமதித்தவர்கள் அல்லர். கருவின் சில குறைபாடுகள் இருபதாவது வாரத்து ஸ்கேனில்தான் தெரியவருகின்றன. மறைத்து வைத்தே மாதங்களைக் கடத்திய சிறுமியும் அதில் இருக்கிறாள்.

மாத்திரை இந்தப் படத்துக்குள் வந்த கதை தனி. மிசோப்ரோஸ்டால் வயிற்றுப்புண்ணுக்காகச் செய்யப்பட்ட மருந்து. கருக்கலைப்பு தடைசெய்யப்பட்டிருந்த பிரேசிலில் 1980களில் அதன் இன்னொரு பயனைப் பெண்களே கண்டுகொண்டார்கள். மிஃபெப்ரிஸ்டோனுக்கு 1988இல் பிரான்சு அனுமதி தந்தது. இரண்டும் சேர்ந்து கருக்கலைப்பை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் 2015இல் நடந்த கருக்கலைப்புகள் 1.56 கோடி என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொரோனா காலத்தில் பிரிட்டன் மாத்திரையை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் 10 வாரம் வரை அதை நிரந்தரமாக்கினார்கள். அதே 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், 12 வாரத்துக்கு உட்பட்ட கருவைப் பெண்கள் மாத்திரை கொண்டு தாங்களே கலைத்துக்கொள்வது பாதுகாப்பாக நடக்கக்கூடியதே என்றது.

அந்த வாக்கியத்தோடு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தே வந்தன: சரியான தகவல், தரமான மருந்து, தேவைப்படும்போது மருத்துவ உதவி. இந்த மூன்றும் இருந்தால் வீட்டுக் குளியலறையும் பாதுகாப்பான இடம்தான். வாரக்கணக்கு தவறியிருந்தாலும், கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தாலும் நிலைமை வேறு. குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது; குழாய் வெடித்தால் உயிர் போகும். வரும் ரத்தத்தைப் பார்த்து மாத்திரை வேலை செய்கிறது என்று பெண் நம்பியிருப்பாள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, ஒரு பக்க வயிற்றில் கடும் வலி எடுத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தராமல் இந்த மாத்திரைகளை விற்பது சட்டவிரோதம். இருந்தும் இணையத்தில் மறைவாக விற்கிறார்கள். பெட்டி இல்லை, காலாவதித் தேதி இல்லை, கத்தரித்த அட்டைத் துண்டில் நாலைந்து மாத்திரை. இத்தனை தாராளமான சட்டம் இருக்கும் ஊரில் இதை யார் வாங்குகிறார்கள்?

கிளமெண்டியின் எந்த மாடியிலும் அழைப்புமணியை அடித்தால் கதவைத் திறப்பவர்களில் ஒருத்தி அவள். நாட்டில் வீட்டுப் பணிப்பெண்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, மியன்மார், இந்தியா, இலங்கை என்று பல ஊர்ப் பெண்கள். கருக்கலைப்புச் சட்டம் அவர்களைத் தள்ளி வைக்கவில்லை; வேலை அனுமதி வைத்திருக்கும் பெண்ணுக்கும் அந்தச் சிகிச்சை உண்டு என்றே அது சொல்கிறது. ஆனால் அவர்களின் வேலை அனுமதி, இங்கே கர்ப்பமாகக் கூடாது என்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில் கர்ப்பச் சோதனையும் சேர்த்தி. முதலாளி கட்டிய 5,000 வெள்ளி பிணைத்தொகை ஒரு பக்கம், ஏஜெண்டுக்கு அடைத்து முடியாத கடன் இன்னொரு பக்கம். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் கிளினிக்கின் கதவைத் தட்டுவதில்லை. ஊருக்குப் போனாலும் பலருக்கு வழி இல்லை: பிலிப்பீன்ஸில் கருக்கலைப்பு குற்றம், இலங்கையில் 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்.

எனவே கைப்பேசியில் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் விழுங்கிவிட்டு, திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையல். எஜமானியம்மா கேட்டால், “மாதவிலக்கு இந்தத் தடவை ரொம்ப அதிகம், மேடம்.” மருத்துவர் கேட்டாலும் அதே பதில். 312ஆம் பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. மருத்துவர் இல்லாமல் தானே கலைத்துக்கொண்டால் அவள் குற்றவாளி. தேக்காவில் படியில் விழுந்த பெண்களின் பேத்தி வயதில் இருக்கும் இவளும், அவர்கள் சொன்ன பொய்க்கு இணையான ஒன்றைத்தான் சொல்கிறாள்.

வீட்டுக் கருக்கலைப்பு பாதுகாப்பானதா என்ற விவாதத்தில் வீடு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. அன்று இந்த ஊர்ப் பெண்களைக் காப்பாற்றியதில் மருத்துவமனைச் சுவருக்கு எவ்வளவு பங்கோ, அங்கே போய் நடந்ததை நடந்தபடி சொல்ல முடிந்ததற்கும் அவ்வளவு பங்கு. அதை 1974 குடிமக்களுக்குக் கொடுத்துவிட்டது. அதே வீட்டில் துணி மடிக்கும் பெண்ணுக்கு, அவள் வேலைக்கான சோதனை அதைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது. கர்ப்பச் சோதனையின் முடிவை வேலை அனுமதியிலிருந்து பிரித்து, மருத்துவருக்கும் அவளுக்கும் இடையில் நிறுத்த வேண்டும். அவள் மொழியில், அவள் கைப்பேசியிலேயே, எங்கே போகலாம் என்ற தகவல் இருக்க வேண்டும். கருக்கலைப்பை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் 24 வாரத்தைப் பற்றி இன்னும் பல ஆண்டு வாதாடட்டும். இவற்றைச் செய்ய அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை; கருக்கலைப்புச் சட்டத்தில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை.