ஹார்டு டிஸ்க் போச்சா? லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

“தம்பி, லேப்டாப் ஆன் ஆகுது... ஆனா உள்ளே போகவே மாட்டேங்குது. கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி மட்டும் நிக்குது!”

2025 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, விக்கிரமங்கலத்திலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தாள். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்கள், லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டராகப் போய்ச் சேர்ந்தன. அக்கா வீட்டிலும் அப்படித்தான்.

அவள் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் மொத்தக் கணக்கும் அதில்தான் இருந்தது. தீபாவளி முடிந்ததும் வங்கியில் கணக்கு காட்டினால்தான் அடுத்த கடன். கூடவே, மூன்று வருடம் முன்பு தவறிப்போன பெரியப்பாவின் போட்டோக்களும் அதில்தான்.

டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால், கூடவே மூன்று விஷயங்கள் சொன்னார்களாம். “உள்ளே இருந்ததெல்லாம் போச்சு”, “விண்டோஸ் புதுசா காசு கொடுத்து வாங்கணும்”, “பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடுங்க”. “எதையும் தூக்கிப் போடாதே, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

முதலில் பழைய டிஸ்க்!

புது டிஸ்க் மாட்டும் அவசரத்தில் நாம் மறப்பது பழைய டிஸ்க்கைத்தான். பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி-யில் இணைக்க ஒரு சாட்டா கேபிள் கிடைக்கிறது. அதை வாங்கி, என் லேப்டாப்பில் செருகினேன். “இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்டது. பதற்றத்தில் பலர் ‘யெஸ்’ கொடுத்துவிடுவார்கள். கொடுக்கவே கூடாது! கேன்சல் செய்துவிட்டுப் பார்த்தால், இன்னொரு பகுதி மெதுவாகத் திறந்தது.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எல்லாவற்றையும் மொத்தமாக காப்பி செய்யக் கூடாது. முதலில் சின்னதும் முக்கியமானதும். குழுவின் எக்செல் கணக்கை முதலில் எடுத்தோம். பிறகு போட்டோக்கள். சில திறக்கவே இல்லை. சைக்கிளோடு பெரியப்பா நிற்கும் படம் வந்தது. பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் இந்த முயற்சி வேண்டாம். கரன்ட் கொடுக்கக் கொடுக்க சேதம் கூடும். மூடியை வீட்டில் திறக்காமல், டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுங்கள். புது மாடல் லேப்டாப் என்றால், பழைய டிஸ்க் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

திரும்பத் திரும்ப முதல் ஸ்கிரீன்

அடுத்தது புது டிஸ்க். பழைய லேப்டாப்களில் இருக்கும் 2.5 இன்ச் சாட்டா ஹார்டு டிஸ்க் இடத்தில் அதே அளவு எஸ்.எஸ்.டி அப்படியே உட்காரும். சுழலும் பாகம் இல்லாததால் வேகமும் அதிகம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, 8 ஜி.பி பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றிக்கொண்டேன்.

இன்ஸ்டால் ஓடியது, ரீஸ்டார்ட் ஆனது, மறுபடி முதல் ஸ்கிரீனுக்கே வந்து நின்றது. “புது டிஸ்க்கும் போச்சா?” என்று அக்கா பயந்துவிட்டாள். டிஸ்க்கில் ஒன்றுமில்லை. லேப்டாப் மறுபடியும் பென் டிரைவிலிருந்தே கிளம்பியிருக்கிறது. முதல் ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பென் டிரைவைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது.

இன்னும் இரண்டு இடத்தில் சிக்கலாம். டிஸ்க்கே தெரியவில்லை என்றால், முதலில் பயாஸில் தெரிகிறதா பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய டிஸ்க்கை மாட்டி, ‘ஜி.பி.டி’ என்று எரர் வந்தால், பூட் மெனுவில் பென் டிரைவின் பெயருக்கு முன்னால் ‘யு.இ.எஃப்.ஐ’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வை-ஃபை காணோம்!

விண்டோஸ் வந்துவிட்டது, வை-ஃபை வரவில்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்! போனை கேபிளில் இணைத்து ‘யு.எஸ்.பி டெதரிங்’ ஆன் செய்ததும் நெட் வந்தது. மீதி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டே தேடி எடுத்துக்கொண்டது.

மறுபடி காசு எதற்கு?

அக்காவின் லேப்டாப்பில் முன்பே விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தது. அந்த லைசென்ஸ் ஹார்டு டிஸ்க்கோடு ஒட்டியது இல்லை, மதர்போர்டோடு ஒட்டியது. அதனால் டிஸ்க்கை மாற்றினாலும் லைசென்ஸ் போகாது. இன்ஸ்டால் செய்யும்போது ‘என்னிடம் புராடக்ட் கீ இல்லை’ என்று கொடுத்து, முன்பிருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைத் தேர்வு செய்தால் போதும். நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல் வரும்.

ஆனால், விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. டி.பி.எம் 2.0 இல்லாத பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. இப்போதைக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் கூடுதல் திட்டத்தில் அக்கா லேப்டாப்பைச் சேர்த்திருக்கிறேன். அதன் பிறகு லினக்ஸ்தான். அரசு லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸையும் கொடுத்திருந்தார்கள். அப்போது பலரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இனி அது கைகொடுக்கலாம்.

வங்கியில் கணக்கைக் காட்டிவிட்டு அக்கா போன் செய்தாள். “தம்பி, இப்பல்லாம் கூட்டம் முடிஞ்சதும் பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டுடறேன். குழு பாஸ்புக் இருக்கிற பெட்டியிலேயே அதையும் வெச்சுப் பூட்டிட்டேன்” என்றாள்.

உங்கள் வீட்டு லேப்டாப் இன்று நன்றாக ஓடுகிறதா? காப்பி எடுக்க அதுதான் சரியான நேரம்!